'மே'யும் 'ஷல்'லும்: ஒரு மொழிச் சட்டத்தின் இரண்டு சொற்கள்

1963 ஏப்ரல் மாதம் மக்களவைக்கு ஒரு சிறிய மசோதா வந்தது. ஒன்பதே பிரிவுகள். உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி கொண்டுவந்த ஆட்சிமொழிகள் மசோதா அது. 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர்வதைப் பற்றிய அதன் மூன்றாம் பிரிவில் இருந்த ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி நாடாளுமன்றம் வாதிட்டது. சென்னை மாநிலத்தின் பொதுக்கூட்ட மேடைகளும் வாதிட்டன. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள சொல்: 'மே'. அந்த இடத்தில் 'ஷல்' என்ற சொல் வர வேண்டும் என்று திராவிட முன்னேற்றக் கழகம் கேட்டது. இங்கே இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்றார் பிரதமர் ஜவாஹர்லால் நேரு. பொருள் ஒன்றுதான் என்றால் 'ஷல்' என்றே எழுதிவிடலாமே என்று கழகம் திருப்பிக் கேட்டது. கடைசியில் சட்டம் 'மே' என்ற சொல்லுடனேயே நிறைவேறியது.

இதை அரசியல் வரலாறாகப் பலமுறை சொல்லியிருக்கிறோம். சொல்லாராய்ச்சியாகச் சொன்னது குறைவு. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உண்மையில் எவ்வளவு தூரம்? பிரதமர் சொன்னதற்குச் சட்ட மரபில் இடம் உண்டா? ஒரு சொல்லுக்காக ஒரு மாநிலமே அஞ்சியது நியாயம்தானா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரதமரின் பேச்சுக்கு ஆங்கிலச் சட்ட மரபில் ஓர் ஆதாரம் இருந்தது. ஆனால் அந்தப் பிரிவின் வாசகத்தை வைத்துப் பார்த்தால், அஞ்சியவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.

கடனும் வலிமையும்

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். 'ஷல்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'கடன்பட்டிருக்கிறேன்' என்ற பொருள் தந்த வினைச்சொல். அதன் உறவுச் சொல்லான 'ஷுல்ட்' ஜெர்மன் மொழியில் இன்றும் கடனையும் குற்றத்தையும் குறிக்கிறது. 'மே' வந்த வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'வல்லமை உடையவன், இயலும்' என்று பொருள். வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்ற ஆங்கிலச் சொல்லும், அதிகாரத்தைக் குறிக்கும் 'மாக்ட்' என்ற ஜெர்மன் சொல்லும் அதே வேரில் கிளைத்தவை.

ஆக, ஒன்று கடன், இன்னொன்று வலிமை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் சட்ட மொழியில் இந்த வேர்ப்பொருள் அழியவில்லை. 'ஷல்' வரும் இடத்தில் யாரோ ஒருவர் தலையில் ஒரு கடன் ஏறுகிறது. 'மே' வரும் இடத்தில் யாரோ ஒருவர் கையில் ஓர் அதிகாரம் சேர்கிறது.

தமிழருக்கு இது எளிதில் விளங்கும். நம் மொழியிலும் கடன் என்ற சொல் வாங்கிய பணத்தையும் செய்ய வேண்டிய பொறுப்பையும் ஒருசேரக் குறிக்கிறது. நன்றிக்கடன், இறுதிக்கடன், காலைக்கடன் என்று நாள்தோறும் பேசுகிறோம். தாயின் கடன், தந்தையின் கடன், வேந்தன் கடன் என்று பொன்முடியார் புறநானூற்றில் அடுக்கிக் காட்டுபவையும் பொறுப்புகளே. 'மே'க்கு இணையாக நாம் எழுதும் 'செய்யலாம்' என்பதைப் பிரித்தால் 'செய்யல் ஆம்' என்று வரும். செய்வது ஆகும், செய்ய இடம் உண்டு என்பதே அதன் பொருள். செய்தாக வேண்டும் என்ற குறிப்பு அதில் கிடையாது.

வகுப்பறை 'ஷல்', சட்டப் புத்தக 'ஷல்'

நம்மில் பலர் 'ஷல்'லை முதலில் சந்தித்தது பள்ளி ஆங்கில வகுப்பில். தன்மைக்கு 'ஷல்', முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்' என்று மனப்பாடம் செய்தோம். இந்த விதியை 1653இல் ஜான் வாலிஸ் தம் ஆங்கில இலக்கண நூலில் எழுதினார். ஆங்கிலம் கற்கும் அயல்மொழியாருக்காக அவர் லத்தீனில் எழுதிய நூல் அது. தன்மையில் 'ஷல்' வந்தால் வெறும் எதிர்காலம். படர்க்கையில் 'ஷல்' வந்தால் வாக்குறுதி அல்லது கட்டளை. இந்த விதியின் முதல் பாதியைத்தான் பள்ளிக்கூடம் அழுத்திச் சொல்லிக்கொடுத்தது. சட்டம் வாழ்வது இரண்டாம் பாதியில். சட்டம் எப்போதும் படர்க்கையில் பேசுவதால் அதன் 'ஷல்' கட்டளையாகிறது. இன்று பேச்சு ஆங்கிலத்தில் 'ஷல்' ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. அதனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூடச் சட்ட வாசகத்தில் அதைப் பழைய பாணியின் அலங்காரம் என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள்.

ஒரு வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். 11 மாதத்துக்கு எழுதப்படும் வழக்கமான ஆங்கில ஒப்பந்தம். குடியிருப்பவர் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வாடகையைச் செலுத்த வேண்டும் என்ற வரியில் 'ஷல்' இருக்கும். வீடு காலியான ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதற்கும் 'ஷல்'தான் வேண்டும். அந்த இடத்தில் மட்டும் 'மே' என்று இருந்தால் பொருள் என்ன ஆகிறது? வாடகை கொடுப்பது குடியிருப்பவரின் கடன். முன்பணத்தைத் திருப்பித் தருவது உரிமையாளரின் விருப்பம். பத்தி அதே பத்தி, தொகை அதே தொகை. ஒரு சொல் மாறியதும் கடன் ஒரு பக்கமும் அதிகாரம் மறுபக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டன.

இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நின்று வேலை செய்வதைக் காண இந்திய அரசமைப்பின் 74ஆம் உறுப்பைப் பார்க்கலாம். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்பதை 1976இல் 42ஆவது திருத்தம் 'ஷல்' என்ற சொல்லால் உறுதிசெய்தது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் ஒரு வரம்புரை சேர்த்தது. ஆலோசனையை மறுபரிசீலனை செய்யுமாறு குடியரசுத் தலைவர் அமைச்சரவையைக் கேட்கலாம்: இங்கே 'மே'. மறுபரிசீலனைக்குப் பின் தரப்படும் ஆலோசனைப்படி அவர் நடக்க வேண்டும்: இங்கே 'ஷல்'. திருப்பி அனுப்புவது அவர் விருப்பம். இரண்டாம் முறை வந்தபின் அவருக்கு விருப்பம் இல்லை. ஒரு குடியரசின் தலைமைப் பதவிக்கான எல்லை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே வரையப்பட்டிருக்கிறது.

நீதிமன்றம் சொன்ன இரண்டு பதில்கள்

இவ்வளவு தெளிவாக இருந்தால் வழக்கே வந்திருக்காது. வழக்குகள் வந்தன, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருக்கின்றன.

1693இல் இங்கிலாந்தில் பார்லோ வழக்கு. ஊர்க்காவலர் தம் கையிலிருந்து செய்த செலவை ஈடுகட்டத் தேவாலயக் கண்காணிப்பாளர்கள் வரி விதிக்கலாம் என்றது ஒரு சட்டம். அவர்கள் விதிக்க மறுத்தார்கள். நீதிக்காகவோ பொதுநலனுக்காகவோ ஒன்றைச் செய்யச் சட்டம் சொல்லும்போது, 'மே' என்பதும் 'ஷல்' என்பதும் ஒன்றே என்று தீர்ப்பு வந்தது. நேருவின் வாதத்துக்கு வேர் தேடினால் அது இங்கே கிடைக்கும்.

1880இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவை ஜூலியஸ் வழக்கில் இந்தக் கொள்கைக்கு ஒரு கரை கட்டியது. ஒரு பாதிரியார் மீது வந்த புகாரை விசாரிக்க ஆக்ஸ்ஃபோர்டு ஆயர் மறுத்தார். விசாரிப்பது ஆயருக்குச் 'சட்டப்படி ஆகும்' என்ற பொருளில் சட்ட வாசகம் இருந்தது. அது அதிகாரம் மட்டுமா, கடமையும் சேர்ந்ததா? அத்தகைய சொற்கள் தம்மளவில் அதிகாரத்தையே தருகின்றன என்று கெய்ர்ன்ஸ் பிரபு விளக்கினார். அந்த அதிகாரம் யாருடைய நன்மைக்காகத் தரப்பட்டதோ அவரது நிலை, செய்ய வேண்டிய செயலின் தன்மை, அதன் நோக்கம் ஆகியவற்றால் அதிகாரத்தோடு கடமையும் பிணையலாம் என்றார். ஆயருக்கு அப்படிப் பிணைப்பு இல்லை என்று முடிவாயிற்று. சொல் தானாக மாறுவதில்லை. சூழலில் ஓர் உரிமையாளர் நின்றால்தான் 'மே' கடமையாகிறது என்பதே இந்தத் தீர்ப்பு விட்டுச்சென்ற அளவுகோல்.

இந்திய உச்ச நீதிமன்றம் இரண்டு திசையிலும் பயணம் செய்திருக்கிறது. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று அரசமைப்பின் 320ஆம் உறுப்பு 'ஷல்' போட்டுச் சொல்கிறது. 1957இல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில், கலந்துகொள்ளாததால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்றது நீதிமன்றம். இதற்கு நேர் எதிர்த்திசையில் 1963இன் ஜோகேந்திர சிங் வழக்கு. பதிவுபெற்ற அலுவலர் தாமாகக் கேட்டுக்கொண்டால் அவர் வழக்கை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்று உத்தரப் பிரதேச விதி ஒன்றில் 'மே' இருந்தது. கேட்கும் உரிமையை அலுவலருக்குத் தந்துவிட்டு, அனுப்புவதை அரசின் விருப்பத்துக்கு விட்டால் அந்த உரிமைக்குப் பொருளே இராது. ஆகவே இந்த 'மே' கட்டாயமே என்று தீர்ப்பாயிற்று.

கவனியுங்கள்: மொழிச் சட்டம் வந்த அதே 1963இல், 'மே'யை 'ஷல்' என்று படித்த தீர்ப்பு ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. அப்படியானால் நேரு சொன்னது சரியாகிவிடுமா?

மூன்றாம் பிரிவை அருகில் வைத்துப் பார்த்தால்

அரசமைப்பின் 343ஆம் உறுப்புக்கு வருவோம். இந்தி ஆட்சிமொழியாக இருக்கும் என்கிறது முதல் உட்பிரிவு. அடுத்த உட்பிரிவு, அரசமைப்பு தொடங்கியதிலிருந்து 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட வேண்டும் என்கிறது. அங்கே இருப்பது 'ஷல்'. 15 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆங்கிலத்துக்கு நாடாளுமன்றம் சட்டத்தால் வழி செய்யலாம் என்கிறது மூன்றாவது உட்பிரிவு. அந்த 15 ஆண்டுகள் 1965 ஜனவரி 26 அன்று முடியவிருந்தன. அந்த நாளுக்காகத்தான் 1963இன் சட்டம்.

அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, 15 ஆண்டுக் கெடு முடிந்த பிறகும் இந்தியுடன் கூட ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது. அரசமைப்பில் 'ஷல் தொடர்ந்து'. அதே தொடரை எடுத்து எழுதிய சட்டத்தில் 'மே தொடர்ந்து'. மற்றச் சொற்கள் ஏறக்குறைய அப்படியே இருக்க, இது மட்டும் மாறியிருக்கிறது. சட்டம் படிக்கும் எவரும் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று, சட்டமியற்றுவோர் சொல்லை மாற்றினால் பொருளையும் மாற்ற எண்ணினார்கள் என்று கொள்ள வேண்டும் என்பது. என் பார்வையில் அன்றைய அச்சத்துக்கு மிக வலுவான ஆதாரம் இந்த ஒப்பீடுதான். முன்பு கடனாக இருந்தது இப்போது விருப்பமாகிவிட்டது என்று படிக்க அந்த வாசகமே இடம் கொடுத்தது.

இரண்டாவது காரணம், உரிமையாளர் இல்லாமை. ஜோகேந்திர சிங் வழக்கில் 'மே' கட்டாயமானதற்குக் காரணம், அந்த விதியிலேயே கேட்கும் உரிமை உள்ள ஒருவர் இருந்தார். மூன்றாம் பிரிவின் அன்றைய வாசகத்தில் அப்படி யாருமில்லை. எந்த மாநிலத்துக்கும் ஆங்கிலத்தில் கடிதம் கேட்கும் உரிமை என்று எதுவும் எழுதப்படவில்லை. கடமையைக் கட்டிவைக்க அங்கே ஒரு முளை இல்லை.

மூன்றாவது காரணம், பிரதமரின் விளக்கம் நீதிமன்றத்தில் எடுபடும் நிலை அன்று இல்லை. அரசமைப்பு அவையின் உறுப்பினர்கள் பேசிய பேச்சை வைத்து வாசகத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்று 1952லேயே திருவிதாங்கூர்-கொச்சி அரசுக்கும் பம்பாய் நிறுவனம் ஒன்றுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி சென்னையில் தொழில் செய்து உயர்ந்தவர். அவையில் சொன்ன உறுதி அவைக்குறிப்பில் தங்கும். சட்டத்தில் அச்சான சொல்லே நீதிமன்றத்தில் பேசும்.

1959 ஆகஸ்ட் 7 அன்று நேரு மக்களவையில் ஓர் உறுதி தந்திருந்தார். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் கூடுதல் மொழியாக இருக்கும். அதை முடிவு செய்யும் பொறுப்பை இந்தி தெரிந்தவர்களிடம் விடாமல் இந்தி பேசாதவர்களிடமே விடுவேன் என்ற பொருளில் பேசினார். மனதார அளித்த உறுதி அது என்றே நான் நம்புகிறேன். ஆனால் உறுதி ஒருவரது ஆயுளோடு கட்டுண்டது. 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். சட்டப் புத்தகத்தில் எஞ்சியிருந்தது 'மே' மட்டும்.

பாக் நீரிணைக்கு அப்பால்

அந்த அச்சம் கற்பனையா என்று கேட்பவர்களுக்கு இலங்கைச் சட்டங்கள் விடை சொல்கின்றன. 1956இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் சிங்களமே ஒரே ஆட்சிமொழி என்று 'ஷல்' போட்டு அறிவித்தது. 1958இல் தமிழ் மொழி (சிறப்பேற்பாடுகள்) சட்டம் வந்தது. தமிழ்வழியில் படித்தவர்கள் அரசு அலுவலர்களுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் விதிக்கப்படும் நிருவாகக் காரியங்களுக்குத் தமிழைப் பயன்படுத்தலாம். இரண்டு இடத்திலும் 'மே'. அதோடு 'விதிக்கப்பட்டவாறு' என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தது.

அந்த விதிகள் எப்போது வந்தன? 1966 ஜனவரியில். சட்டம் வந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை சட்டம் புத்தகத்தில் இருந்தது, அலுவலக மேசைக்கு வரவில்லை. சிங்களத்துக்கு 'ஷல்' உடனே வேலை செய்தது. தமிழுக்கு 'மே' ஆட்சியாளரின் வசதிக்காகக் காத்திருந்தது. 1987இல் 13ஆவது அரசமைப்புத் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்று அறிவித்தபோது அங்கே வந்த சொல் 'ஷல்'. இலங்கையின் சட்டத் தமிழ் அதை 'ஆதல் வேண்டும்' என்ற வாய்பாட்டால் எழுதுகிறது. வாசகம் சரியானதும் நடைமுறையும் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 'ஷல்' இருந்தால் தவறியவரைக் கேள்வி கேட்கலாம். 'மே' இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

சொல்லை மாற்றாமல் சட்டத்தை மாற்றினார்கள்

1965 ஜனவரி 26 நெருங்கியபோது சென்னை மாநிலத்தில் நடந்ததைத் தமிழர் அறிவர். அதற்கு ஓராண்டு முன்பே, 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்து உயிர் துறந்திருந்தார். 1965இல் மாணவர் போராட்டம், துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்புகள். அரசுக் கணக்கின்படியே சுமார் 70 உயிர்கள் போயின. பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று, நேருவுக்குப் பின் பிரதமராகியிருந்த லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதி காக்கப்படும் என்றார். மீண்டும் ஓர் உறுதி. அதைச் சட்டமாக்க இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. இடையில் 1967 தேர்தலில் தமிழ்நாட்டின் ஆட்சியே மாறிவிட்டது.

1967இன் ஆட்சிமொழிகள் திருத்தச் சட்டம் 1968 ஜனவரி 8 அன்று ஒப்புதல் பெற்றது. மூன்றாம் பிரிவு முழுதுமாக மாற்றி எழுதப்பட்டது. பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது: முதல் உட்பிரிவில் அந்த 'மே' அப்படியே நீடித்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. வரைவாளர்கள் அந்தச் சொல்லைத் தொடாமல், அதைச் சுற்றிலும் 'ஷல்'களை நட்டு வேலி கட்டினார்கள்.

வேலியின் முதல் கம்பம்: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான தொடர்புக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும்; 'ஷல்'. 1963இல் காணாமல்போன உரிமையாளர் இங்கே வந்துவிட்டார்: இந்தியை ஏற்காத மாநிலம். இரண்டாவது: தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள், ஒப்பந்தங்கள், உரிமங்கள், டெண்டர் படிவங்கள் ஆகியவற்றுக்கு இந்தி, ஆங்கிலம் இரண்டும் பயன்படுத்தப்பட வேண்டும்; மீண்டும் 'ஷல்'. மத்திய அரசின் டெண்டர் படிவத்தைக் கையில் எடுக்கும் எவரும் இரு மொழிகளிலும் அதைப் பார்ப்பது இந்தச் சொல்லின் வேலை. மூன்றாவது கம்பம்தான் பூட்டு: இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் போட்டு, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும்வரை இந்த ஏற்பாடுகள் நடப்பில் இருக்க வேண்டும், இதுவும் 'ஷல்'. எல்லா மாநிலங்களும் என்பதால் ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் பூட்டு திறக்காது. நேரு வாய்மொழியாகச் சொன்ன 'முடிவு இந்தி பேசாதவர் கையில்' என்பதற்கு எழுத்து வடிவம் கிடைத்தது இங்கேதான்.

இந்தப் பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. இது சாதாரணச் சட்டம். அரசமைப்பின் பகுதி அன்று. நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் இதை மீண்டும் திருத்த முடியும். ஆயினும் 'மே'யை விட்டுவைத்தே அதன் பொருளைக் கட்டிப்போட்ட இந்தப் பிரிவு, வரைவுக்கலை படிப்போர் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்க்க வேண்டிய எடுத்துக்காட்டு.

'ஷல்' விடைபெறுகிறதா?

அண்மைக்காலத்தில் ஆங்கிலச் சட்ட உலகமே 'ஷல்'லைக் கைவிடத் தொடங்கியிருக்கிறது. கட்டளை, பிரகடனம், எதிர்காலம் என்று பல சுமைகளை அது சுமப்பதால் குழப்பம் வருகிறது என்பது வாதம். தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்கால அரசமைப்பில் 'ஷல்' நிறைந்திருந்தது. 1996 அரசமைப்பில் கடமை வரும் இடங்களில் 'மஸ்ட்' அமர்ந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் திருத்தி எழுதப்பட்டபோது 'ஷல்' அகற்றப்பட்டது. பிரிட்டனின் சட்ட வரைவாளர்களும் அதைத் தவிர்க்கிறார்கள். இந்தியாவிலோ 'ஷல்' உறுதியாக நிற்கிறது; 2023இன் புதிய குற்றவியல் சட்டங்களிலும் தண்டனை விதிக்கும் வாசகங்கள் அதையே நம்பியிருக்கின்றன.

கணினி வலையமைப்புப் பொறியாளர்கள் இதைச் சுருக்கமாகத் தீர்த்துக்கொண்டார்கள். 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்ற சிறு ஆவணம், 'மஸ்ட்'டும் 'ஷல்'லும் ஒரே பொருள், விலக்கில்லாத கட்டாயம்; 'மே' என்றால் முழுக்க விருப்பம் என்று வரையறுத்தது. இணையத்தின் நெறிமுறைகளை எழுதுவோர் இன்றும் அந்த வரையறையைச் சுட்டிவிட்டே எழுதுகிறார்கள். தாம் பயன்படுத்தும் சொல்லுக்கு என்ன பொருள் என்று முதலிலேயே சொல்லிவிடும் அந்தப் பழக்கம் சட்டத்துக்கும் நல்லது.

தமிழில் எழுதும்போது

இந்த ஆய்வின் பயன் நம் மொழியில் வந்து முடிய வேண்டும். 'மே'க்குச் 'செய்யலாம்', 'ஷல்'லுக்குச் 'செய்தல் வேண்டும்' என்று சட்டத் தமிழில் மரபு இருக்கிறது. ஆனால் அரசாணைகளின் மொழிபெயர்ப்பிலும் செய்திகளிலும் இரண்டும் 'செய்யப்படும்' என்ற ஒரே அச்சில் வார்க்கப்படுவதைப் பார்க்கிறோம். 'உதவித்தொகை வழங்கப்படும்' என்று ஓர் அறிவிப்பு சொன்னால், மூலத்தில் இருந்தது கட்டாயமா, விருப்பமா? விண்ணப்பித்துவிட்டு வாசலில் நிற்கும் பெண்ணுக்கு அந்த வேறுபாடுதான் எல்லாமே. 'வழங்கலாம்' என்றால் அவர் வேண்டிக்கொள்ளலாம். 'வழங்குதல் வேண்டும்' என்றால் அவர் உரிமையோடு கேட்கலாம்.

எதிர்மறையில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. சட்ட ஆங்கிலத்தில் 'மே' என்பதோடு 'நாட்' சேர்ந்தால் பெரும்பாலும் தடை என்றே பொருள், 'செய்யக் கூடாது'. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் அதைச் 'செய்யாமல் இருக்கலாம்' என்று எழுதினால் தடை அனுமதியாகிவிடும். பிரகடனமாக வரும் 'ஷல்'லுக்கு 'வேண்டும்' பொருந்தாத இடங்களும் உண்டு. இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்று அரசமைப்பின் முதல் உறுப்பைத் தமிழில் சொல்கிறோம். அங்கே 'ஷல்' யாருக்கும் கட்டளையிடவில்லை, ஒரு நிலையை நிறுவுகிறது. ஒவ்வொரு 'ஷல்'லிடமும் நீ யார் தலையில் எந்தக் கடனை வைக்கிறாய் என்று கேட்ட பிறகே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வங்கிக் கடன் பத்திரமோ வேலை நியமன ஆணையோ வாடகை ஒப்பந்தமோ உங்கள் கைக்கு வந்தால், தொகையையும் தேதியையும் பார்த்துவிட்டு உடனே கையெழுத்திட வேண்டாம். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை 'ஷல்' இருக்கிறது, எதிர்த்தரப்புக்குப் பக்கத்தில் எத்தனை 'மே' இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு வர வேண்டியது எதுவோ, அதற்கு நேரே 'ஷல்' இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். "இரண்டும் ஒன்றுதான்" என்று பதில் வந்தால், 1963இல் நம்மவர்கள் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். ஒன்றுதான் என்றால் 'ஷல்' என்றே எழுதிக் கொடுப்பதில் அவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.